ஒயில் லைற் மினுங்கினால் உடனை தடிச்ச ஒயிலோ?

கேள்வி: ஐயா, நான் மாங்குளம். பத்து வருசம் ஓடின டிப்பர் ஒண்டு வச்சிருக்கிறன், கிரவல் மணல் ஏத்துறது, வெட்டுக்காலத்திலை நெல்லும் ஏத்துவன். இவ்வளவு நாளும் 15டபிள்யூ-40 தான் ஊத்தினனான். இப்ப ரெண்டு மாசமா, லோட்டோடை தூரம் ஓடி வந்து ஐட்லிங்கிலை விட்டா ஒயில் லைற் மினுங்குது. கராஜிலை 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்லுறாங்கள், மாமா பழையபடி வெறும் 40 ஊத்து எண்டுறார். எதை ஊத்த?

பதில்: தம்பி, ரெண்டையும் இப்போதைக்கு ஊத்தாதேங்கோ, அது ஒயில் பிரஷர் குறைவெண்டு சொல்லுற லைற், முதல்லை அது ஏன் மினுங்குது எண்டு பாருங்கோ.

டபிள்யூக்கு முன்னாலை நிக்கிற 15 குளிருக்கான நம்பர், அதைச் சோதிக்கிறது பூச்சியத்துக்குக் கீழை 20 பாகையிலை, எங்கடை வன்னியிலை மார்கழி விடியப்புறத்திலையும் அந்தக் குளிர் எங்கை இருக்கு, அதாலை 15ஓ 20ஓ எண்டு நாங்கள் மண்டையை உடைக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கணக்கு பின் நம்பர்தான். 40 எண்டா 100 பாகைச் சூட்டிலை 12.5இலை இருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ளை (ஒயிலின்ரை தடிப்பை அளக்கிற அலகு அது), 50 எண்டா 16.3இலை இருந்து 21.9க்குள்ளை. மாமா சொல்லுற, டபிள்யூ நம்பர் இல்லாத வெறும் 40உம் சூட்டிலை உங்கடை 15டபிள்யூ-40 நிக்கிற அதே அளவுக்குள்ளைதான் நிக்கும், அதை மாத்தி ஒரு பலனும் இல்லை.

50 ஊத்தினா லைற் அணையும், உண்மைதான். ஆனா அணைஞ்சதாலை வருத்தம் மாறினதெண்டு இல்லை. என்ரை லொறியிலையே இது நடந்தது. லைற் மினுங்குதெண்டு தடிச்ச ஒயிலை ஊத்திப்போட்டு ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் ஏத்தி ஓடினன், உள்ளை டீசல் விசிறுற நொசில் ஒண்டு டீசலைச் சொட்ட விட்டுக்கொண்டு கிடந்திருக்கு, அந்த டீசல் ஒயிலோடை கலந்து தண்ணியாக்கி, கடைசியிலை கனகராயன்குளத்தடியிலை பெயாரிங் பிடிச்சு நிண்டுட்டுது. ஒரு வெட்டுக்கால உழைப்பு முழுக்க அந்த எஞ்சினுக்குள்ளைதான் போச்சுது.

அதாலை காலமை எஞ்சின் குளிர்ந்திருக்கேக்கை, லொறியை மட்டமான இடத்திலை விட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கோ. ஒயில் கறுப்பாத்தான் இருக்கும், டீசல் எஞ்சினிலை புகைக்கரி சேருறதாலை அது வழமை, பயப்பிடாதேங்கோ. ஊத்தாமலே மட்டம் ஏறியிருக்கா, விரலிலை தேய்ச்சு மணந்தா டீசல் மணக்குதா, இந்த ரெண்டையும் பாருங்கோ. அப்பிடியெண்டா நொசிலைக் கழட்டிச் சோதிச்சு, ஒயிலையும் பில்டரையும் மாத்தி, திரும்ப 15டபிள்யூ-40 தான். மணம் இல்லையெண்டா அந்த லைற்றை எரிய விடுற ஒயில் சுவிச்சைக் கழட்டி அந்த இடத்திலை பிரஷர் கேஜ் பூட்டி, சூடேறின எஞ்சினிலை பாருங்கோ, சில நேரம் சுவிச்தான் பழுது. கேஜிலையும் குறைவெண்டா பெயாரிங் இல்லாட்டி ஒயில் பம்ப் தேஞ்சிருக்கும், எஞ்சின் இறக்க காசு சேரும்வரை, கையேட்டிலை அனுமதி இருந்தா, 20டபிள்யூ-50 ஊத்தி லோட்டைக் குறைச்சு ஓடலாம். அந்தளவுக்குத்தான் அந்த ஒயில்.

கானிலை ஏபிஐ எழுத்தையும் (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின்ரை தர எழுத்து) பாருங்கோ, சிஐ-4 போல டீசலுக்கெண்டு சி எழுத்திலை துவங்கிறதா வேணும். பீப்பாயிலை இருந்து அளந்து விக்கிற லூஸ் ஒயில் வேண்டாம் தம்பி, உள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்.

கேள்வி: புது லொறிக்கு எஃப்ஏ-4 எண்டு ஒரு ஒயில் இருக்காம், என்ரை பழைய லொறிக்கும் ஊத்தலாமோ? (முள்ளியவளை வாசகர்)

பதில்: வேண்டாம். 2016இலை வந்த அது மெல்லிசான 30 வகை, அதுக்கெண்டு செய்த எஞ்சினுக்கு மட்டும்தான். அதே வருசம் வந்த சிகே-4 பழைய எஞ்சினுக்கும் பொருந்தும்.