புதிர் சொல்லாமல் விட்டது என்ன? கேள்வி பதில்

கேள்வி: 12 நாணயங்களில் ஒன்று போலி. தராசில் மூன்றே முறை எடை போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். நண்பர் இதைச் சுலபம் என்கிறார், எனக்கு மண்டை காய்கிறது.

பதில்: அவர் படித்த புதிரில் ‘போலி நாணயம் எடை குறைந்தது’ என்று இருந்திருக்கும். அது தெரிந்தால் 27 நாணயங்கள் வரை மூன்று எடையில் முடித்துவிடலாம். கனமா லேசா என்பதையும் நாமே சொல்ல வேண்டுமென்றால் 12தான் எல்லை.

கேள்வி: ‘ஒருவருக்கு இரண்டு குழந்தைகள். குறைந்தது ஒன்று ஆண். இரண்டுமே ஆணாக இருக்க வாய்ப்பு என்ன?’ 1/3 என்கிறார்கள், 1/2 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாகலாம். கணிதப் புதிர்கள் எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் கார்ட்னர் 1959இல் இதை வெளியிட்டு 1/3 என்றார். கேள்வி தெளிவாக இல்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது என்று புதிர் சொல்லவில்லை, சிக்கலே அங்கேதான். தந்தையிடம் ‘உங்களுக்கு மகன் உண்டா?’ என்று கேட்டு ‘ஆமாம்’ என்று பதில் வந்திருந்தால் ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண் மூன்றும் சமம், விடை 1/3. இரண்டில் ஏதோ ஒரு குழந்தையை எதேச்சையாகப் பார்த்தோம், அது பையன் என்றால் கதை வேறு. ஆண் ஒன்று, பெண் ஒன்று உள்ள குடும்பங்களில் பாதி நேரம் பெண் குழந்தைதான் கண்ணில் பட்டிருக்கும். அதனால் கணக்கில் அவற்றின் பங்கு பாதியாகி, விடை 1/2 ஆகிவிடும்.

கேள்வி: அப்படியானால் மூன்று கதவுப் புதிரும் இதே கதைதானா? ஒரு கதவுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டில் ஆடு. நான் ஒன்றைச் சொன்னதும் நடத்துபவர் வேறொன்றைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். மீதமுள்ள கதவுக்கு நான் மாறலாமா?

பதில்: அதே கதைதான். 1990இல் பத்திரிகையில் வந்த வடிவத்தில், கார் எங்கே என்று நடத்துபவருக்குத் தெரியும் என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டுக் கதவைத் திறந்தே தீர வேண்டும் என்ற விதி மட்டும் இல்லை. அந்த விதியோடு, மாறினால் கார் கிடைக்கும் வாய்ப்பு 2/3, பத்திரிகை சொன்ன விடையும் மாறுவதே நல்லது என்பதுதான். அவர் குருட்டாம்போக்கில் திறந்து ஆடு வந்திருந்தால் 1/2. நீங்கள் காரைச் சொன்னபோது மட்டும் திறப்பவர் என்றால், மாறினால் தோல்வி உறுதி. அந்த விடையை மறுத்துப் பத்திரிகைக்கு எழுதியவர்களில் பலர் விதியைச் சேர்த்த பிறகும் தவறாகவே வாதிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஐந்து வீட்டுப் புதிரில், எந்த வீட்டில் யார், அவருடைய பிராணி எது, பானம் எது என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் ‘தண்ணீர் குடிப்பவர் யார்? வரிக்குதிரை யாருடையது?’ என்கிறார்கள். குறிப்புகளில் வரிக்குதிரையே இல்லையே?

பதில்: நன்றாகக் கவனித்தீர்கள். 1962இல் வெளியான வடிவத்தின் குறிப்புகளிலும் வரிக்குதிரை இல்லை, தண்ணீரும் இல்லை. கறாராகப் பார்த்தால் ஐந்தாவது பிராணி பூனையாகக்கூட இருக்கலாம். யாரோ ஒருவரிடம் வரிக்குதிரை இருக்கிறது என்று கேள்வியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம்.