வாசகர் கேள்வி – பதில்: பழைய நில வரைபடத்தில் வடக்கு எது?

கேள்வி: வர்ஜீனியா காலனியில் 1730-களில் அளந்த ஒரு நிலத்தின் வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் பொருந்தவில்லை. சில பாகை திரும்பி நிற்கிறது. சர்வேயர் தவறாக அளந்துவிட்டாரா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. அன்றைய சர்வேயர் காந்த ஊசி காட்டிய வடக்கை வைத்தே அளந்தார். ஊசிக்கும் மெய்வடக்குக்கும் (பூமியின் வட துருவம் இருக்கும் திசை) உள்ள கோணம், அதாவது காந்த ஒதுக்கம், இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். மெய்வடக்கை வைத்து அளந்து, ஊசியின் விலகலை ஒவ்வொரு வரைபடத்திலும் குறிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1785 நிலச் சட்டம் சொன்னது. ஆனால் அது புதிய பொது நிலங்களுக்கான சட்டம்.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு எல்லைக் கோட்டின் திசையையும் நீளத்தையும் சொல்லும் எழுத்து விவரத்தை எடுங்கள். தாளின் மேற்புறம் வடக்கு என்று நம்ப வேண்டாம். தாளில் அடங்குவதற்காக நிலத்தைத் திருப்பி வரைந்திருக்கலாம். அந்த விவரத்தில் வரும் ‘போல்’ (pole) என்ற பழைய நீள அளவு 16.5 அடி. நான்கு போல் சேர்ந்தால் சர்வேயர்களின் அளவுச் சங்கிலியான கண்டர் (Gunter) சங்கிலி ஒன்று, அதாவது 66 அடி. இந்தக் கணக்கில் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்து, தொடங்கிய புள்ளிக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தேதி. நிலத்தை வழங்கிய மானியப் பத்திரத்தின் தேதி உதவாது, அளந்த தேதிதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். 1752-க்கு முன் ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25 என்பதால், பத்திரத்தில் ‘பிப்ரவரி 1731’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1732. ஓராண்டில் ஒதுக்கம் பெரிதாக மாறாது. பத்திரங்களை வரிசைப்படுத்தும்போதுதான் இது குழப்பும். அந்த ஆண்டின் ஒதுக்கத்தை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் (NOAA) இணையதளத்தில் பார்க்கலாம். 1590 முதலான மதிப்பீடுகள் அங்கே உண்டு.

பலர் சறுக்குவது திருத்தும்போதுதான். ஒதுக்கம் மேற்கே 3 பாகை என்று வைத்துக்கொள்வோம். ‘வடக்கிலிருந்து கிழக்கே 30’ என்பது 27 ஆகும். ‘தெற்கிலிருந்து கிழக்கே 60’ என்பதோ 63 ஆகும்! எல்லா எண்ணிலும் மூன்றைக் கழித்தால் நிலத்தின் வடிவமே கெட்டுவிடும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 360 பாகைக்கு மாற்றிக்கொண்டு (மேலே உள்ள இரண்டும் 30, 120 ஆகும்) பிறகு மூன்றைக் கழிப்பதே பாதுகாப்பு. ஒரு பாகை பிசகினால் 100 போல் நீளக் கோட்டின் முனை ஏறக்குறைய 29 அடி தள்ளிப் போகும்.

திருத்திய பின்னும் எல்லாக் கோடுகளும் ஒரே அளவு திரும்பி நின்றால், எடுத்துக்கொண்ட ஒதுக்கத்தையோ ஆண்டையோ சந்தேகியுங்கள். ஒரு கோடு மட்டும் முரண்டினால், நகலெடுத்தவர் ‘வடக்கு’ என்பதைத் ‘தெற்கு’ என்று எழுதியிருக்கலாம். அருகே இரும்புத்தாது இருந்து ஊசியை இழுத்திருக்கவும் கூடும். பிற்கால மறு அளவையில் பழைய கோணங்களையே புதுத் தேதியுடன் எழுதிவைப்பதும் உண்டு. அதனால் பக்கத்து நிலங்களின் பத்திரங்களையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: கோணமே இல்லாமல் ‘வடக்கு வடகிழக்கு’ என்று மட்டும் இருந்தால்?

பதில்: திசைகாட்டியின் 32 முனைகளில் ஒன்று அது. ஒரு முனைக்கு 11¼ பாகை; இது வடக்கிலிருந்து கிழக்கே இரண்டாவது முனை, எனவே 22½ பாகை. இதில் ஐந்தாறு பாகை முன்பின் இருக்கும் என்பதால் ஒதுக்கத் திருத்தத்தில் பெரிய பலனில்லை. ஆறு, ஓடை, பக்கத்து நில எல்லை இவற்றைப் பிடித்துப் பொருத்துங்கள்.