சீட்டுப் பணத்துக்கும் தசமபாகமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் கிளார்க்காக இருக்கிறேன். சம்பளம் 28,000. பிஎஃப் 1,800 போகக் கைக்கு 26,200 வருகிறது. சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எதில் கணக்கிடுவது? போன மாதம் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் 78,000 கிடைத்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. அதிலும் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னார். 3,000 கொடுத்தேன். மீதி 4,800 கொடுக்காதது உறுத்துகிறது. எங்கள் சபையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் வேறு வாசிப்பார்கள். இதற்கிடையே சேலத்திலிருந்து வரும் ஒருவர், தசமபாகத்துக்கு 80ஜி என்கிற வருமானவரிச் சலுகை ரசீது வாங்கித் தருகிறேன் என்று என் பான் கார்டு நகலை வாங்கிப் போயிருக்கிறார். கணவர் சபைக்கு வருவதில்லை. அவருக்கு நாகலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பி இருக்கிறது. அந்த வரவுக்கும் நான் கொடுக்க வேண்டுமா?
– ஒரு சகோதரி, ஏற்காடு

சகோதரிக்கு, நான் போதகர் அல்ல. சேலத்தில் ஆடிட்டர் தொழில். எங்கள் சபையில் 11 வருஷம் பொருளாளராக இருந்து, போதும் என்று சாவியை ஒப்படைத்தவன். கணக்கு தெரிந்த ஒரு சபை விசுவாசி சொல்கிற பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி சின்னது. மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்று 2,800. கைக்கு வருவதில் 2,620. ஆக இத்தனை தூக்கம் கெட்டது 180 ரூபாய்க்கு. பிஎஃப் உங்கள் பணம்தான், பிறகு வரப்போகிறது. இப்போதே அதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், ஓய்வு பெறும்போது உங்கள் பங்குக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. இப்போது கைக்கு வருவதில் மட்டும் கொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எது வசதியோ அது. இதைப் பெரிய வேத விவாதமாக ஆக்குகிறவர்களிடம் நேரத்தை விடாதீர்கள்.

சீட்டுதான் விஷயம். அதற்குத் தசமபாகம் கிடையாது. ஏன் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சேலம் ஜில்லாவில் சீட்டுப் போடாத வீடு குறைவு, இந்தக் கேள்வி கேட்டு என்னிடம் வராத சபை ஆள் அதைவிடக் குறைவு.

வேதாகமத்தில் தசமபாகம் எதில்? விளைந்த தானியத்தில், திராட்சரசத்தில், எண்ணெயில், பெருகின ஆடுமாட்டில். லேவியராகமம் 27-ல் ஆடுகளைக் கோலின்கீழ் ஒவ்வொன்றாகக் கடக்க விட்டு எண்ணச் சொல்கிறது, பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. ஒன்பதே ஆடு உள்ளவனுக்குப் பத்தாவது ஆடே கோலின்கீழ் வராது. அதாவது பெருகினதில்தான் பங்கு. பக்கத்து வீட்டுக்காரனிடம் இரவல் வாங்கி உங்கள் பட்டியில் கட்டியிருக்கிற ஆட்டை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

உங்கள் சீட்டைப் பாருங்கள். ஒரு லட்சம், 20 பேர், மாதம் 5,000. ஐந்தாவது மாதம் 22,000 தள்ளி 78,000 எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய நான்கு மாதமும் கழிவு (மற்றவர்கள் தள்ளின தொகையில் உங்களுக்கு வரும் பங்கு) போக நீங்கள் கட்டியது சுமார் 16,500 இருக்கும். அப்படியானால் 78,000-ல் உங்கள் சொந்தப் பணம் 16,500, அதற்குச் சம்பளம் வாங்கிய மாதமே தசமபாகம் போயாயிற்று. மீதி 61,500 மற்ற சீட்டுக்காரர்களுடைய பணம். இன்னும் 16 தவணை நீங்கள் கட்டவேண்டும். இது வரவு அல்ல, கடன். அதுவும் வட்டிக்கு வாங்கியது போலத்தான், தள்ளின 22,000 வேறென்ன? கடன் வாங்கின பணத்தில் பத்தில் ஒன்று கொடுத்து, பிறகு அந்தக் கடனை அடைக்கும் சம்பளத்திலும் பத்தில் ஒன்று கொடுத்தால், ஒரே ரூபாய்க்கு இரண்டு தரம் கொடுத்ததாகிறது. நகைக்கடன், பாங்கு லோன் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசிச் சீட்டு எடுக்கிறவர். அவர் 20 மாதமும் கட்டிக்கொண்டே வருகிறார். கழிவெல்லாம் போக மொத்தம் 88,000 கட்டியிருப்பார் என்று வையுங்கள். கடைசி மாதம் தள்ளுவதற்கு ஆள் இல்லை, நடத்துகிறவரின் கமிஷன் 5,000 மட்டும் போக 95,000 கையில் வரும். 95-லிருந்து 88 போனால் 7,000. இது பெருகினது. இதில் பத்தில் ஒன்று, 700, கொடுக்கலாம். 9,500 அல்ல, 700. எங்கள் சபையில் ஒரு பெரியம்மா கடைசிச் சீட்டு எடுத்து 9,500 ரூபாயைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆசாரிப்பட்டறைக்குக் கொலுசு வளையம் கோத்துக் கொடுக்கும் கூலியில் கட்டின சீட்டு. நான் உட்காரவைத்துக் காகிதத்தில் போட்டுக் காட்டி 8,800-ஐத் திருப்பிக் கொடுத்தேன். கமிட்டியில் அதற்காக எனக்குக் கிடைத்த பேச்சு தனிக் கதை. நடுவில், பத்தாவது பன்னிரண்டாவது மாதம் எடுத்தவர்களுக்கு எப்படி என்றால், சீட்டு முடிந்தபிறகு மொத்தம் கட்டினது, மொத்தம் வாங்கினது இரண்டையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். வாங்கினது அதிகமானால் அந்த அதிகத்துக்கு மட்டும். கட்டினது அதிகமானால் ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கட்டினதுதான் அதிகமாக இருக்கும், நான் இப்போதே சொல்வேன்.

ஆகவே அந்த 4,800-ஐ மறந்துவிடுங்கள். கொடுத்த 3,000-ஐத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். டைரியில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்புங்கள்.

மூப்பர் உங்களிடம் மல்கியா 3:8 வாசித்திருப்பார், “நீங்களோ என்னை வஞ்சிக்கிறீர்கள்” என்ற இடம். எல்லாரும் அதைத்தான் வாசிக்கிறார்கள். மூன்று வசனம் முன்னால், 3:5-ல், கூலிக்காரன் கூலியைப் பிடிக்கிறவனையும் விதவையை ஒடுக்குகிறவனையும் கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று இருக்கிறது. அதே புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரத்தில் பெரும்பகுதி, குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலியிட்ட ஆசாரியர்களுக்கு விழுகிற அடி. காணிக்கை கொடுக்கிறவளை மட்டும் பயமுறுத்த எழுதின புத்தகம் அல்ல அது. உபாகமம் 14-ஐயும் வாசியுங்கள். அங்கே தசமபாகத்தை வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் சந்தோஷமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் ஆலய ஊழியம் செய்கிற, நிலமில்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். லேவியனும் தான் வாங்கினதில் பத்தில் ஒன்று கொடுக்கவேண்டும், எண்ணாகமம் 18. உங்கள் சபையில் வாங்குகிறவர்கள் தங்கள் பங்கை எங்கே கொடுக்கிறார்கள் என்று ஒரு தரம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், அதனால்தான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் பத்து சதவீதம் என்று எங்கும் எழுதவில்லை. விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல, அவனவன் மனதில் நியமித்தபடி என்றுதான் 2 கொரிந்தியர் 9-ல் எழுதுகிறார். அப்படியானால் பத்தில் ஒன்று வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது நல்ல அளவு. சேலத்துக்கு லண்டன் மிஷன் 1827-ல் வந்தது. நெடுங்காலம் சீமையிலிருந்து பணம் வந்தது. பிறகு நம் சபையை நாம்தான் தாங்கவேண்டும் என்றானபோது தாங்கினது நம் ஊர்ப் பெண்களின் பிடியரிசிதான். என் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார்கள். மாசக் கடைசியில் அதைக் கோயிலுக்குத் தூக்கிப்போவது என் வேலை. எத்தனை சதவீதம் என்று பாட்டியை யாரும் கேட்டதில்லை, பட்டியலும் வாசித்ததில்லை.

பட்டியல் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று ஞாயிறு காலை பிரசங்கம். ஆராதனை முடிகிறபோது மைக்கில் பெயரும் தொகையும். சரி, வாசியுங்கள். வந்த பணம் எங்கே போயிற்று என்பதையும் அதே மைக்கில் வாசிக்க வேண்டாமா? வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடும். “ஏற்றுக்கொள்கிறோமா?” “ஆமென்.” முடிந்தது. சட்ட ஆலோசகர் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், அது எந்த வழக்கு என்று கேட்டால் ஆவிக்குரியவர் அல்ல என்பார்கள். நீங்கள் கேட்கலாம் சகோதரி. தணிக்கை செய்த கணக்கின் ஒரு பிரதியைக் கேட்பது கொடுக்கிறவருடைய உரிமை. பணத்தை எண் போட்ட ரசீதுக்குச் சபைக் கணக்கில் கொடுங்கள். யாருடைய சொந்த போன் நம்பருக்கும் ஜிபேயில் போடாதீர்கள், ஊழியக்காரர் என்றாலும், அழுது ஜெபித்தாலும். ‘விதை விதையுங்கள், நூறு மடங்கு வரும்’ என்று கியூஆர் அட்டையோடு மலைக்கு ஏறி வருகிறவர்களைக் கேட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது அந்தச் சேலத்து மனிதர். இவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்துக்குப் பொதுவாக 80ஜி கிடையாது. அந்தச் சலுகை பொதுத் தர்மத்துக்கு, முழுக்க மதக் காரியத்துக்கு அல்ல. பழம்பெரும் ஆலயங்களைப் புதுப்பிக்க அரசு அறிவித்த சில இடங்களுக்கு உண்டு, அது உங்களைத் தொடாது. கிடைக்கிற இடத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் நம் ஊரில் இன்னும் பல வருஷம் இதை 80ஜி என்றுதான் சொல்லப்போகிறோம், அது கிடக்கட்டும். உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 3,36,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது, 2025-26 நிதியாண்டிலிருந்து. பழைய முறையில் பார்த்தாலும் உங்களுக்கு வரி இல்லை. வரியே இல்லாதவருக்கு வரிச்சலுகை ரசீது எதற்கு?

அப்படியானால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது உங்கள் பணமே அல்ல, உங்கள் பான் எண். யார் கொடுத்தது என்று காட்டமுடியாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் தர்ம அறக்கட்டளைக்கு 30 சதவீத வரி விழும். ஆகவே எங்கிருந்தோ வந்த ரொக்கத்துக்கு ஊரிலிருக்கும் நல்லவர்களின் பெயர்கள் தேவைப்படுகின்றன. 2021-22 முதல் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறக்கட்டளைகள் வருமானவரித் துறைக்குப் பட்டியல் தரவேண்டும். அந்தப் பட்டியலில் ஏற்காட்டுக் கிளார்க் ஒருவர் ஒன்றரை லட்சம் நன்கொடை கொடுத்ததாக வந்தால், விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது உங்கள் வீட்டுக்கு. வரி கட்டுகிறவர்களிடம் இவர்கள் வேறு மாதிரி வருவார்கள்: பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்து அதில் கமிஷன் எடுப்பார்கள். ஒருவர் பத்து சதவீதம் எடுத்தார், கேட்டால் தசமபாகம் என்று சிரித்தாராம். மாட்டினால் மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்டுவது அவர் அல்ல. துறையோ, எய்தவன் இருக்க அம்பை நோவதில்தான் சுறுசுறுப்பு காட்டும்.

கணவரின் காப்பிக்கு வருகிறேன். அது அவர் பணம். அவரைக் கேட்காமல் அதில் எடுத்துக் கொடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும், அவர் சபைக்கு வரும் வழியையும் நீங்களே அடைத்ததாகும். அவராகக் கொடுக்க விரும்பினால் பழம் பறிக்கிற கூலி, உரம், மருந்து எல்லாம் கழித்து மிஞ்சுவதில் கொடுக்கட்டும். மனமிருந்தால் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு படி மிளகு கொண்டுவரட்டும், ஏலத்தில் நல்ல விலை போகும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மனிதர் எந்த அறக்கட்டளையின் பெயரைச் சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “நான் உங்களுக்கு நன்கொடை எதுவும் கொடுக்கவில்லை, என் பான் எண்ணை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக்கூடாது” என்று இரண்டு வரி, தேதி போட்டு, சேர்த்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னேன் என்பது போதாது. அந்தச் சான்று வந்ததும் கடித நகலோடு பின் செய்து, மகளின் கல்லூரி ரசீது இருக்கிற அதே ஃபைலில் வையுங்கள்.