உறையும் விசையும்: கைத்துப்பாக்கி குறித்து வாசகர் கேள்விகள்

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை உடன் வைத்திருப்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன். துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருப்பதற்கும் அதைப் பொது இடத்துக்கு எடுத்துச் செல்வதற்கும் தனித்தனி அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. தனிமனிதருக்கு அடியோடு மறுக்கும் நாடுகளும் உண்டு. தாம் வாழும் இடத்தின் சட்டப்படி உரிமம் பெற்றவர்களை எண்ணியே இவ்விடைகளை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. நாள் முழுவதும் இடுப்பில் இருக்க வேண்டியது என்பதால், இருப்பதிலேயே சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் வாங்கச் சொல்கிறார் நண்பர். சுழலும் உருளையில் தோட்டா நிரப்பும் ரிவால்வரா, பிடிக்குள் செருகும் பெட்டியில் நிரப்பும் பிஸ்டலா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

பதில்: நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கனத்து உறுத்தும் பொருளை நான்கு நாள் சுமந்துவிட்டு ஐந்தாம் நாள் வீட்டில் விட்டுச் செல்வது மனித இயல்பு. ஆனால் துப்பாக்கியின் எடை குறையக் குறைய, சுடும்போது அது கையை உதைக்கும் வேகம் கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு பிஸ்டலில் எளிதாகத் தாங்கக்கூடிய உதை, ஏறத்தாழ அதே வலிமையுள்ள தோட்டாவை நானூறு கிராமை ஒட்டிய அலுமினிய உடல் ரிவால்வரில் சுடும்போது உள்ளங்கையில் அறைந்ததுபோல் விழும். சுடச்சுட வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் விரும்பிப் பயிற்சிக்குப் போவதில்லை. குழல் குட்டையாக இருப்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவும் குறைந்து, குறிபார்ப்பதில் நேரும் மயிரிழைப் பிழைகூட இலக்கில் விரலளவாகிவிடும். மிகச் சிறிய துப்பாக்கி புதியவருக்கு ஏற்றது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. என் கருத்தில் அது நன்கு பழகியவருக்கே உரியது.

எனவே எடையை விட்டுவிட்டு முதலில் உங்கள் கையைப் பாருங்கள். தோட்டா இல்லை என்று உறுதி செய்த துப்பாக்கியைப் பிடிக்கும்போது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை பிடியின் பின்புறத்தில் இயன்ற அளவு மேலே பொருந்த வேண்டும். குழல் முன்கையின் நீட்சிபோல் நேர்கோட்டில் நிற்கையில், ஆள்காட்டி விரல்நுனியின் சதைப்பகுதி விசையின் நடுவில் படிய வேண்டும். விரல் எட்டவில்லை என்று மணிக்கட்டைத் திருகிப் பிடிக்க நேர்ந்தால், எவ்வளவு புகழ்பெற்ற தயாரிப்பானாலும் அது உங்கள் கைக்கானது அன்று. பிஸ்டலாக இருந்தால், குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை முழுவதும் பின்னிழுத்துப் பூட்ட முடிகிறதா என்பதையும் பத்து முறையாவது செய்து பாருங்கள்.

ரிவால்வரின் இயக்கம் எளியது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால், உருளையில் தோட்டா இருக்கும் அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். இடுப்பில் வைக்கும் சிறு ரிவால்வர்கள் பெரும்பாலும் ஐந்து தோட்டாக்கள் கொள்பவை. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுக்காமல் சுடும்போது அவற்றின் விசையை இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ அழுத்தம் தேவை என்பதால், தவறுதலாக இழுபடும் வாய்ப்பு குறைவு. குறி கலையாமல் இழுப்பதோ கடினம். ஸ்லைடை இழுக்க வலுவில்லை என்று ரிவால்வருக்கு மாறும் மூட்டுவலிக்காரர்கள், அந்தக் கனத்த விசையை விரல் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்டல்களில் அளவுக்கும் கொள்ளளவுக்கும் இருந்த பழைய கணக்கு மாறிவிட்டது: 2018-இல் வெளிவந்த சிக் சாவர் பி365, ஏறத்தாழ 500 கிராம் எடையிலேயே 10 தோட்டா கொள்ளும் மேகசினோடு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) வந்தது. அதற்கு முன் அந்த அளவில் ஆறோ ஏழோதான் வழக்கம். அதைவிடச் சற்றுப் பெரிய கிளாக் 19 போன்றவை வெற்று நிலையில் 600 கிராம் அளவில் 15 தோட்டா கொள்பவை. கையில் வலுவுள்ள புதியவருக்கு இந்த நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலையே நான் பரிந்துரைப்பேன். பயிற்சிக்களத்தில் இரவல் துப்பாக்கியால் நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: 9 மி.மீ. தோட்டா தற்காப்புக்குப் போதாது, விட்டம் பெரிய .45 தான் சரி என்று சிலர் அடித்துச் சொல்கிறார்களே?

பதில்: இந்த வாதத்துக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவை கியோர்க் லூகர் வடிவமைத்தது 1902 வாக்கில்; .45 ஏசிபி எனும் பிஸ்டல் தோட்டா அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் முகவர்கள் இருவரை இழந்த அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., தோட்டாக்களை முறையாகச் சோதிக்கத் தொடங்கி, தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. அந்தத் தேடலின் விளைவாகவே 1990-இல் .40 தோட்டா பிறந்தது. அதே எஃப்.பி.ஐ. 2010-களில் 9 மி.மீ.க்கே திரும்பியது, தோட்டாக்களின் தரம் உயர்ந்துவிட்ட நிலையில், உதை குறைந்த தோட்டாவால் முகவர்கள் விரைவாகவும் குறி தவறாமலும் சுட முடிந்தது என்பதே அதற்குக் காரணம். உங்கள் கை கட்டுப்படுத்தக்கூடிய தோட்டாவே உங்களுக்குப் போதுமான தோட்டா. இலக்கைத் துளைத்து அப்பால் நிற்பவரையும் தாக்கும் ஆபத்து, முனை குழிந்து விரியும் வகைத் தோட்டாவில் குறைவு. ஆனால் சில இடங்களில் அதற்குத் தடை இருப்பதால் விசாரித்து வாங்குங்கள்.

கேள்வி: நான் பார்த்த பிஸ்டலில் கையால் நகர்த்தும் சேஃப்டியே (தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பூட்டு) இல்லை. தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஏற்றி இடுப்பில் வைக்க அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன், அது இல்லாதவர்களைக் கண்டுதான் எனக்குக் கவலை. இவ்வகைப் பிஸ்டல்களில் பாதுகாப்பு அமைப்புகள் உள்ளேயே இருக்கின்றன. நல்ல நிலையிலுள்ள நவீன பிஸ்டல் கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி அவை தடுக்கும் என்பதே வடிவமைப்பின் நோக்கம். விசை இழுபட்டால் மட்டும் அவை வழிவிடும். இழுத்தது விரலா, சட்டைநுனியா, கைப்பைக்குள் கிடந்த பேனாவா என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே இத்துப்பாக்கிகளின் உண்மையான சேஃப்டி உறைதான். விசைக்காப்பு வளையம் முழுவதையும் மூடி, வெளியிலிருந்து அழுத்தினாலும் வளையாத கெட்டியான உறை வேண்டும். துப்பாக்கியை எடுத்த பின்னும் உறையின் வாய் திறந்தே இருக்க வேண்டும். கைடெக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் வார்ப்புத் தகட்டில் அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்படும் உறைகள் இதற்கு ஏற்றவை. தளர்ந்து மடிந்துபோன பழைய தோல் உறையின் விளிம்பு உள்ளே திரும்பி விசையை அழுத்தக்கூடும்.

உருவும்போது காட்டும் வேகத்தைத் திரும்பச் செருகும்போது யாரும் காட்டக் கூடாது. விரலை ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டி, சட்டையை நன்றாக ஒதுக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெல்லச் செருகுங்கள். ஏதேனும் தடுத்தால் தள்ளாதீர்கள். வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள். உறையில்லாமல் கால்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ செருகுவது வேண்டவே வேண்டாம். இந்தப் பழக்கங்கள் படியும் வரை, தோட்டா ஏற்றாத துப்பாக்கியை உறையோடு வீட்டிலேயே சில வாரங்கள் அணிந்து பாருங்கள். இடுப்பில் துப்பாக்கி இருக்கும் நாளில் மது கூடாது. மயக்கம் தரும் மருந்து சாப்பிட்ட நாளில் துப்பாக்கி கூடாது.

கேள்வி: என் மைத்துனர் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தபோது வெடித்து, குண்டு சுவரில் பாய்ந்தது. மேகசினைக் கழற்றிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அப்படி நடக்குமா?

பதில்: நடக்கும். அவர் பொய் சொல்லவில்லை. மேகசினைக் கழற்றியதோடு துப்பாக்கி வெறுமையாகிவிட்டதாக எண்ணியிருக்கிறார். அறைக்குள் ஏற்கெனவே ஏறிய தோட்டா, மேகசின் போன பின்னும் அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாதபோது சுடாத பிஸ்டல்கள் சில உண்டு, பெரும்பாலானவை சுடும்.

இன்னொரு பிழையும் இதற்கு ஈடானது. சிலர் முதலில் ஸ்லைடை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்றிவிட்டு, அதன்பின் மேகசினைக் கழற்றுகிறார்கள். ஸ்லைடு முன்னால் திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் போய்விடுகிறது. கண்ணெதிரே ஒரு தோட்டா வெளியே விழுந்ததால் இனி ஒன்றும் இல்லை என்று மனம் நம்பிவிடுகிறது. வரிசையை மாற்றவே கூடாது. குழல்வாயைக் குண்டு துளைக்காத, ஆளில்லாத திசையில் வைத்து, விரலை விசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைச் சில முறை வலுவாக இழுத்து, கடைசியாகப் பின்னால் பூட்டி, அறையையும் மேகசின் இருந்த இடத்தையும் கண்ணால் பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ரிவால்வரில் உருளையைத் திறந்து, தோட்டாக்களை வெளியேற்றும் தள்ளுகோலை அழுத்தி, அறைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பிரித்துத் துடைப்பதற்கு முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டிய பிஸ்டல்களும் உண்டு என்பதால், இந்தச் சோதனையில் விட்ட குறை அங்கேதான் வெடிக்கும். துடைக்கும் மேசை மேல் மட்டுமின்றி, அந்த மேசை இருக்கும் வீட்டு அறையில்கூட, தோட்டா இருக்கக் கூடாது.

அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவரும், 1976-இல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவருமான ஜெஃப் கூப்பர் (1920-2006) நான்கு விதிகளை வகுத்தார். எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் நிரப்பப்பட்டவையே; அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் படக் கூடாது; குறி இலக்கில் நிற்கும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது; இலக்கு எது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் மற்றொன்று உயிரைக் காக்கும்படி இவை பின்னப்பட்டிருக்கின்றன. உங்கள் மைத்துனர் முதல் விதியை மறந்தார். குழல்வாய் சுவரை நோக்கி இருந்ததால் ஆள் தப்பியது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்திருக்கலாம் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் பயிற்சிக்களத்தில் என்ன செய்வது?

பதில்: குழல்வாயை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு முப்பது வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் அரிதாக உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் உடனே நிறுத்துங்கள்: குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே சிதறக்கூடும். துப்பாக்கி கைநழுவி விழுந்தால் எட்டிப் பிடிக்காதீர்கள். அப்படிப் பாய்ந்து பிடிக்கும் விரல்தான் விசையில் மாட்டும். ஒரு வெடியின் ஓசை 150 டெசிபலைத் தாண்டுவதால் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் களத்தில் நிற்க வேண்டாம். ஈயத்தூள் ஒட்டியிருக்கும் என்பதால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

கேள்வி: கணவர் இரவில் துப்பாக்கியைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார். நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. மாமனாரும் அண்மைக் காலமாக மனம் சோர்ந்து, யாரிடமும் பேசாமல் இருக்கிறார். நான் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறேனா?

பதில்: இல்லை, அம்மா. வந்த கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது உங்களுடையதுதான். குழந்தைக்குத் தெரியாது என்று பெரியவர்கள் எண்ணும் இடங்களெல்லாம் குழந்தைக்குத் தெரியும். இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளினால், இலகுவான விசையை இழுக்கச் சிறு குழந்தையின் வலுவும் போதும். துப்பாக்கி கணவரின் உடலிலேயே உறையில் இருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. குறியீட்டு எண்ணாலோ விரல்ரேகையாலோ சில நொடிகளில் திறக்கும் சிறு இரும்புப் பெட்டிகள் இருப்பதால், அவசரத்துக்கு எட்டாது என்ற வாதமும் நிற்காது. கைப்பையில் வைத்துச் செல்வதும் உடலில் வைப்பதாகாது.

மாமனாரைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். வீட்டில் துப்பாக்கி இருப்பது தற்கொலைச் சாவின் வாய்ப்பைக் கூட்டும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அத்தகைய எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் இருந்து பின் தணிந்துவிடுகிறது. வேறு வழியில் முயன்று பிழைத்தவர்கள் பலர் உண்டு, துப்பாக்கியோ பெரும்பாலும் இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. அவர் தேறும் வரை, சட்டம் அனுமதிக்கும் முறையில், துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வைக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். மாமனாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதை இந்த வாரமே செய்யுங்கள். மனத்தில் என்ன இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

கேள்வி: தினமும் இரவில் தோட்டாவை இறக்கிக் காலையில் ஏற்றுகிறேன். இது சரியான பழக்கமா?

பதில்: பாதுகாப்பாகச் செய்தால் தவறில்லை, ஆனால் தேவையில்லாமல் அடிக்கடி செய்ய வேண்டாம், கையாளும் தடவை கூடக்கூடப் பிழைக்கான வாய்ப்பும் கூடும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றினால் அதன் முனையிலுள்ள குண்டு, வெடிமருந்து இருக்கும் உலோகக் கூட்டுக்குள் சற்றே அமிழும். உள்ளே இடம் குறைவதால் வெடிக்கும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். அடிக்கடி ஏற்றிய தோட்டாவைப் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையாகியிருந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கி, பயிற்சிக்களப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.