மூடிய காசா போனிட்டா மீண்டும் திறந்த கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் டென்வர் நகரில் வசிக்கும் என் மகள், அருகிலுள்ள காசா போனிட்டா என்ற மெக்சிகோ உணவகம் மீண்டும் திறந்ததை ஊரே கொண்டாடியது என்கிறாள். பழைய சாப்பாட்டை வாயில் வைக்க முடியாது என்று சொல்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானாம். சாப்பாடு நன்றாக இல்லாத கடைக்கு ஏன் இத்தனை ஏக்கம்?

பதில்: அங்கே சாப்பாடு ஒரு நுழைவுச்சீட்டாகத்தான் இருந்தது என்பதே காரணம். டென்வரை ஒட்டிய லேக்வுட்டில், வெஸ்ட் கோல்ஃபாக்ஸ் சாலையோரக் கடைத்தொகுதி ஒன்றில், 85 அடி உயர இளஞ்சிவப்புக் கோபுரத்துடன் 1974-இல் திறக்கப்பட்ட இந்த உணவகம், ஏறத்தாழ 52,000 சதுர அடிப் பரப்பில் மெக்சிகோ கிராமம் ஒன்றைக் கூரைக்கடியில் செய்து வைத்திருக்கிறது. சாப்பிடுபவர்களின் கண்ணெதிரே 30 அடி அருவி கொட்டுகிறது. அதன் பாறை உச்சியிலிருந்து நீச்சல் வீரர்கள் கீழேயுள்ள குளத்தில் பாய்கிறார்கள். குழந்தைகள் ஓடி ஒளிய, 'பிளாக் பார்ட்' என்ற கொள்ளையனின் பெயரில் ஓர் இருட்டுக் குகையும் உண்டு. வரிசையில் நின்று தட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவையெல்லாம் கிடைக்கும் என்பதால், தட்டில் இருந்ததைப் பெற்றோர்கள் பொறுத்துக்கொண்டார்கள். விதிவிலக்கு சோப்பாபியா மட்டுமே. நம் பூரியைப் போல எண்ணெயில் உப்பி வரும் அந்தப் பண்டத்தைத் தேன் ஊற்றிச் சாப்பிடுவார்கள். இன்னும் வேண்டுமானால், மேசையிலுள்ள சிறு கொடியை ஏற்றினால் போதும், பரிமாறுபவர் வந்துவிடுவார். பிறந்தநாள்களும் பள்ளிச் சுற்றுலாக்களுமாக இரண்டு தலைமுறைகள் அங்கே வளர்ந்தன. 2015-இல் லேக்வுட் நகரம் அதை வரலாற்றுச் சின்னமாகவே அறிவித்தது. ஆகவே 2020 மார்ச்சில் கொரோனாவால் கதவு சாத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அதை நடத்திய நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியபோது, ஊர்க்காரர்கள் தவித்தது கோழிக்கறிக்காக அல்ல.

கேள்வி: தொலைக்காட்சிக்காரர்கள் இருவர் வாங்கி 4 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்களாமே! அந்தப் பணத்தில் புதிதாகவே கட்டியிருக்கலாமே?

பதில்: வாங்கியவர்கள் 'சவுத் பார்க்' கேலிச்சித்திரத் தொடரைப் படைத்த ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும். பார்க்கர் கொலராடோவிலேயே வளர்ந்து, சிறுவயதில் அங்கே போய்வந்தவர். 2003-இல் இந்த உணவகத்தை மையமாக வைத்து அத்தொடரில் ஒரு பகுதியே வந்தது. 2021 ஆகஸ்டில் மாநில ஆளுநர் ஜாரெட் போலிஸுடன் பேசிய காணொளியில், தாங்கள் அதை வாங்கப்போவதாக இருவரும் அறிவித்தார்கள். விலை சுமார் 31 லட்சம் டாலர். பழுதுபார்க்கும் செலவுதான் அதைப்போல் பத்து மடங்கைத் தாண்டிப் போனது.

கட்டடத்தைத் திறந்து பார்த்தபோது மின்கம்பி, குழாய், காற்றோட்டம், குளத்தின் அமைப்பு என எதையும் விட்டுவைக்க முடியாத நிலை. அருவிக்கும் குளத்துக்கும் பக்கத்திலேயே பழுதான மின்சாரம் என்றால் அதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுவது மலிவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இடித்துக் கட்டியிருந்தால், குகையில் அந்தத் திருப்பம் எங்கே போயிற்று என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வைத்துக்கொண்டு, தெரியாததையெல்லாம் மாற்றியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

முழுதாக மாறியது சமையலறைதான். அதன் பொறுப்பை ஏற்ற டானா ரோட்ரிகஸ் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் பிறந்தவர்; 1990-களின் இறுதியில் டென்வருக்கு வந்த புதிதில், இதே காசா போனிட்டாவில் பாத்திரம் கழுவும் வேலை கேட்டு மறுக்கப்பட்டவர். (அன்று மறுத்தவர் யாரோ, அவரைப் பேட்டி காண எனக்கு ஆசை.) என்சிலாடாவும் மோலே குழம்பும் இப்போது நாவுக்கு உகந்தவையாக வருகின்றன. பழைய சாப்பாட்டுக்காகக் கண்ணீர் விட்டவர் எவருமில்லை. சோப்பாபியா மட்டும் பத்திரமாகத் தொடர்கிறது.

கேள்வி: அடுத்த ஆண்டு மகள் வீட்டுக்குப் போகும்போது குடும்பத்தோடு அங்கே போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். 2023 கோடையில் மீண்டும் திறந்தபோது, மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்து அழைப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கே இடம் கிடைத்தது. பெரியவர் ஒருவருக்குச் சாப்பாடும் காட்சிகளும் சேர்த்துக் கட்டணம் 40 டாலர் அளவில் இருந்தது. இதில்தான் எனக்கு மனக்குறை. மாலையில் குழந்தை அடம்பிடித்தால் உடனே காரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க முடிந்த பேட்டைக் கடை, இப்போது திட்டமிட்டுச் செல்லும் சுற்றுலாத் தலமாகிவிட்டது. அந்த அருவியைக் காப்பாற்ற ஆன செலவை நினைத்தால் உரிமையாளர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

டிப்ஸ் விஷயத்தை மகளிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திறந்த புதிதில் டிப்ஸ் முறையை நீக்கி, பரிமாறுபவர்களுக்கு மணிக்கு 30 டாலர் ஊதியம் என்று மாற்றினார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது சொன்னது வேறு என்று ஊழியர்களில் சிலர் அதை எதிர்த்தார்கள். 2024-இல் குளத்தில் பாயும் வீரர்களும் நடிகர்களும் நாடகக் கலைஞர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர வாக்களித்தார்கள்.