சிவப்புப் பேனா தொடாத அத்தியாயம்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 41. விண்கலத்தில் நடக்கும் காதல் தொடர் ஒன்று எழுதுகிறேன். கணவர் ஏசி பிளான்ட் பராமரிப்பில் இருக்கிறார். பிரிண்ட் எடுத்து வைத்தால் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது. கலம் பழுதாகி ஆக்சிஜன் தீர்கிறது, இருவரும் கைகோத்து நிற்கிறார்கள் என்று உருகி எழுதினால், ‘அதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். ஓர் ஆள் நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ வெளிவிடுவான். வடிகட்டி எங்கே?’ என்று ஓரத்தில் கிறுக்குகிறார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தால், ‘எடையற்ற இடத்தில் வழியாது, கண்ணிலேயே உருண்டையாகத் திரளும்.’ முத்தத்துக்கும் குறிப்பு: ‘விசிறி நின்றிருக்கிறது, தலைவலிதான் வரும்.’ என் அம்மா எதிரிலேயே இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறார்.

17-ஆம் அத்தியாயத்தில் காற்று கசியும் அறைக்குள் ஓட்டையை அடைக்க அவன் போகிறான். காற்று முழுவதும் போய்விடுகிறது. கலத்தைக் காப்பாற்ற அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். அவன் அரை மணி நேரம் தட்டித் தட்டி ஓய்கிறான். அதை மட்டும் ஒரு கோடுகூடப் போடாமல் திருப்பித் தந்தார். அது கிடக்கட்டும். 18-ஐ இதுவரை கேட்கவே இல்லை. பாராட்டத் தெரியாத மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது?

– பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

‘அது கிடக்கட்டும்’ என்கிறீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. காற்றே இல்லாத அறையில், விண்வெளி உடை போடாதவனுக்கு நினைவு இருப்பது 10, 15 விநாடிதான். அரை மணி நேரம் எப்படித் தட்டுவான்? நின்றுபோன விசிறியைக் கவனித்தவர் இதைக் கோட்டை விட்டிருப்பாரா? கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தானோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கே தோன்றியது.

அவர் சொன்ன விசிறி சரியான விஷயம். இங்கே நாம் விடும் மூச்சு, சூட்டினால் மேலே போய்விடும். எடையற்ற இடத்தில் விசிறி நின்றால், தூங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். தலை வலிக்கும், எரிச்சல் வரும், காரணம் புரியாமல் பக்கத்தில் இருப்பவர்மேல் பாய்வோம். உங்கள் வீட்டில் காற்றை ஓட்டிக்கொண்டிருந்தது அந்தச் சிவப்புப் பேனா. இரைச்சல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. நிலவில் இறங்கும் கலத்துக்குள் மூவரும் ஒண்டினார்கள். அது இருவருக்குச் சுமார் 2 நாளைக்கென்று செய்தது. அதன் கார்பன் டை ஆக்சைடு வடிகட்டி வட்டம், தாய்க்கலத்துடையது சதுரம்; ஒன்று மற்றதில் பொருந்தாது. பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டும் நாடா என்று எதை எதோடு சேர்ப்பது எனப் பூமியிலிருந்து படிப்படியாக வாசித்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்த ரகம். அம்மா எதிரில் சொல்வது தப்புதான், அதை அவரிடமே சொல்லுங்கள். ஆனால் 17 அத்தியாயங்களை வரி விடாமல் படித்தவரோடு ‘எப்படிக் காலம் தள்ளுவது’ என்கிறீர்களே, அதில் நான் உங்கள் பக்கம் இல்லை.

18-ஐ இப்போது நீட்டாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு 17-ஐ எடுத்துப் போய், “இந்த அரை மணி நேரம் தப்பாச்சே, ஏங்க விட்டீங்க?” என்று கேளுங்கள். அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்.