கம்பெனியில் வேலை முறையை மாற்றுகிறார்கள், பயப்பட வேண்டுமா?

தம்பி, ஸ்டுட்கார்ட் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இப்போது ‘குழு வேலை’ (சிலர் ஒரு அணியாகச் சேர்ந்து மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்டுவது) என்று லைனையே மாற்றுகிறார்கள், ஸ்டாப்வாட்சோடு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரில் ஸ்டாப்வாட்ச் வந்துவிட்டால் மேலே முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். ஜெர்மனியில் அப்போது பாதி முடிவுதான் ஆகியிருக்கும். உங்கள் கம்பெனியில் பெட்ரீப்ஸ்ராட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே அமைக்கலாம், ஆனால் யாராவது முன்வந்து தேர்தல் வைத்தால்தான் உண்டு. அளந்த நேரத்தை வைத்துப் பீஸ் ரேட், அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, போடுவதென்றால் அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். ஆளாளுக்கு வேகத்தைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேருக்கும் அப்படித்தான். குழு வேலையை எப்படி நடத்துவது என்ற விதிகளிலும் 2001 முதல் அவர்களுக்குப் பங்கு உண்டு.

எங்கள் பிரிவிலும் இதே மாற்றம் வந்தது. சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே மெஷின்கள், கட்டத்துக்கு ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் இப்போதுதான் பழகுகிறார். முக்கால் என்றால் தனியாக ஓட்டுவார். முழு வட்டம் என்றால் மற்றவருக்கும் சொல்லித் தருவார். ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல், சலிப்பும் குறைவு, தோள்பட்டையும் தப்பிக்கும். ஒரு ஆள் லீவு போட்டால் லைன் நிற்காது என்பது கம்பெனிக்கு லாபம். ஆனால் நாலு மெஷின் கற்றுக்கொண்ட பிறகும் பழைய சம்பளப் படியிலேயே உட்கார வைக்கப் பார்ப்பார்கள். வட்டம் நிறைந்தால் படி ஏறுமா என்று வாயைத் திறந்து கேளுங்கள். நம் ஆட்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுவார்கள்.

ஆட்குறைப்பு வந்தால்? சட்டப்படியான வேலைப் பாதுகாப்பு, பத்துப் பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் ஆறு மாதம் முடிந்ததும் வந்துவிடும், அதனால் உங்களுக்கு உண்டு. ஆனால் யாரை அனுப்புவது என்று பார்க்கும்போது வேலை செய்த வருடங்கள், வயது, குடும்பப் பொறுப்பு, உடல் ஊனம் எல்லாம் கணக்கில் வரும். புதிதாக வந்த இளவட்டத்துக்கு அதில் பாதுகாப்பு குறைவுதான், பொய் சொல்லி ஆறுதல் தர விரும்பவில்லை. நல்ல தொகை தருகிறோம், உடன்பட்டு விலகிக்கொள் என்று ஒரு தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக விலகியதாக எடுத்துக்கொண்டு வேலையின்மைப் பணத்தைப் பன்னிரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். வேலை நீக்கக் கடிதமே வந்துவிட்டால் வழக்குப் போட மூன்று வாரம்தான்.

எல்லா மாற்றமும் ஆளை அனுப்புவதில் முடிவதில்லை. 1993இல் ஃபோக்ஸ்வாகனில் 30,000 பேர் மிகை என்று கணக்கு வந்தது. தொழிற்சங்கத்தோடு பேசி, 36 மணி நேர வாரத்தை 28.8 ஆகக் குறைத்தார்கள். ஆண்டு வருமானம் இறங்கியது, ஆனால் போனஸ்களை மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்ததால் மாதச் சம்பளம் பெரிதாக ஆடவில்லை. வேலையும் தப்பியது.

அப்புறம் ஒன்று. பெட்ரீப்ஸ்ராட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் கூட்டிப் பேச வேண்டும். வேலை நேரத்திலேயே நடக்கும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். ஜெர்மன் அரைகுறை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பக்கத்து மெஷின்காரரைக் கூட்டிக்கொண்டு போய், சம்பளப் படிக் கேள்வியை முதலில் போடுங்கள்.